இருபத்தெட்டு நாள், மூன்று மணி நேரம்

மகப்பேறு பற்றிய மருத்துவ ஆய்வுகள் கடந்த நூறாண்டில் கண்டறிந்த உண்மைகளுள் இரண்டை நேரக் கணக்காகவே சொல்லிவிடலாம். கரு உருவான 28 நாட்களுக்குள் குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் மூலமான நரம்புக்குழல் முழுவதும் மூடிவிட வேண்டும் என்பது ஒன்று. பிரசவத்துக்குப் பின் கட்டுக்கடங்காமல் இரத்தம் போகும் தாய்க்கு, உறைந்த இரத்தம் மீண்டும் கரைந்துவிடாமல் காக்கும் மருந்தை 3 மணி நேரத்துக்குள் செலுத்தினால்தான் பயன் உண்டு என்பது மற்றொன்று. சென்னையில் வாழும் பெண்ணுக்கும் சிலமலையில் வாழும் பெண்ணுக்கும் இந்த எல்லைகளில் வேறுபாடு இல்லை. ஆனால், அந்த எல்லைக்குள் செய்ய வேண்டியதைச் செய்து முடிக்கும் வாய்ப்பு இருவருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை என்பதே தேனி மாவட்டத்தின் மலையடிவார ஊர்களை முன்வைத்துப் பேச வேண்டிய செய்தி.

போடிநாயக்கனூருக்குத் தெற்கே, தேவாரம் செல்லும் வழியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் இருக்கிறது சிலமலை. இதுபோன்ற ஊர்களிலிருந்து விடியுமுன்பே பெண்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும் ஜீப்புகள், 17 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட போடிமெட்டு மலைச்சாலையில் ஏறி, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் அவர்களை இறக்கிவிட்டு, மாலையில் திரும்ப அழைத்து வருகின்றன. ஏலச்செடியின் காய்ச்சரம் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படர்வதால், காயெடுப்பு முழுவதும் குனிந்தோ குந்தியோ செய்ய வேண்டிய வேலையாக இருக்கிறது. அட்டை கடிக்கும், சாரல் நனைக்கும், சுமை தூக்க நேரும். கருவுற்ற பெண் வயிறு தெரியத் தொடங்கும்வரையேனும் வேலைக்குப் போவது, நாள்கூலியை நம்பிய வீட்டில் வழக்கத்துக்கு மாறானது அல்ல. கிராம சுகாதாரச் செவிலியர் ஊருக்குள் வரும் நேரத்தில் அந்தப் பெண் ஊரிலேயே இருப்பதில்லை என்ற ஒரு நிலைமையிலிருந்துதான் பிற சிக்கல்கள் பலவும் கிளைக்கின்றன.

தமிழ்நாட்டின் மகப்பேறு நலம் இந்தியாவில் முன்வரிசையில் இருப்பதை மறுக்க இயலாது. 2018–20ஆம் ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இந்திய அளவில் 97 தாய்மார் இறந்தபோது தமிழ்நாட்டில் அந்த எண்ணிக்கை 54 ஆகவும், மலைக்கு அப்பால் உள்ள கேரளத்தில் 19 ஆகவும் இருந்தது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 சதவீதம் மருத்துவ நிலையங்களில் நடப்பதாகக் காட்டுகிறது. அதே ஆய்வுதான், இம்மாநிலத்தின் கருவுற்ற பெண்களில் 48.3 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருப்பதாகவும் சொல்கிறது. பிரசவ அறைவரை ஏறத்தாழ எல்லோரையும் கொண்டுவந்து சேர்த்துவிட்ட ஒரு மாநிலத்தில், அந்த அறைக்குள் நுழையும் பெண்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் போதிய இரத்தம் இல்லாமல் நுழைகிறார்கள் என்பதை இவ்விரு எண்களையும் சேர்த்துப் படித்தால் உணரலாம்.

மதராஸ் வழியே வந்த மாத்திரை

கருவுற்ற பெண்களின் இரத்தசோகையை ஆராய்ந்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு நெருங்கிய பங்கு உண்டு என்பது இங்கே போதிய அளவு பேசப்படாத செய்தி. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், கருவுற்ற பெண்களைக் கொல்லும் ஒருவகைக் கொடிய இரத்தசோகையின் காரணத்தைத் தேடி இந்தியாவுக்கு வந்தார். பம்பாயின் ஹாஃப்கின் ஆய்வு நிறுவனத்தில் தொடங்கிய அவருடைய பணி, 1929இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துக்கும், 1931இன் தொடக்கத்தில் மதராஸ் கோஷா மருத்துவமனைக்கும் நகர்ந்தது. இன்று சென்னை திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி அரசு மகப்பேறு மருத்துவமனையாக இயங்குவது அந்த மருத்துவமனைதான். இந்த வகைச் சோகையில் சிவப்பணுக்களின் எண்ணிக்கை குறைவதோடு, எஞ்சியவை அளவுக்கு மீறிப் பெருத்துக் காணப்படும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையிலோ அவை சிறுத்துப் போகும். பெருத்த அணுக்களுக்குக் காரணம் கிருமி அன்று, உணவில் ஏதோ ஒன்று இல்லாமையே என்று ஐயுற்ற வில்ஸ், எலிகளிலும் பிறகு குரங்குகளிலும் சோதித்து, மலிவான ஈஸ்ட் சாறு அக்குறையைத் தீர்ப்பதைக் கண்டார். சாவின் விளிம்பில் இருந்த பெண்கள் சில நாட்களில் தேறினர். 1931இல் அவர் அதை வெளியிட்டபோது, ஈஸ்டுக்குள் இருந்த அந்தப் பொருளுக்கு இன்னும் பெயர்கூட இல்லை.

பெயர் 1941இல் வந்தது. கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதால், இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லை ஒட்டி ஃபோலிக் அமிலம் என்றனர். அதை ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கும் வழியை 1945இல் கண்டடைந்த அமெரிக்க லெடர்லி ஆய்வுக்கூடக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், பீமவரத்தில் பிறந்து மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். கதர் உடுத்தியதால் அறுவை சிகிச்சைப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் மறுக்கப்பட்டு, அதனினும் குறைந்த சான்றிதழோடு வெளியேறியவர் அவர். மதராஸில் நோயாளிப் பெண்களின் படுக்கையருகே தேடப்பட்ட பொருளை, மதராஸில் படித்த ஒருவர் கடல் கடந்து போய் மாத்திரையாக்க வழி செய்தார். இன்று ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கருவுற்ற பெண்ணுக்குக் கொடுக்கப்படும் சத்து மாத்திரையில், 60 மில்லிகிராம் இரும்போடு 500 மைக்ரோகிராம் அளவில் சேர்ந்திருப்பது அந்த ஃபோலிக் அமிலமே.

அந்த மாத்திரை நான்காம் மாதம் தொடங்கி 180 நாட்கள், நாளுக்கு ஒன்றாக விழுங்கப்பட வேண்டும் என்பது அரசின் நெறிமுறை. வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுக்கிறது என்பதால் பாதியில் நிறுத்திவிடுவோர் பலர். மலைவேலையில் இதற்கு மேலும் இரண்டு தடைகள் உள்ளன. தோட்டத்தில் சாப்பாட்டோடு பருகும் கடுந்தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள், இரும்பைக் குடல் ஏற்கவிடாமல் பிணைத்துக்கொள்ளும். ஈரமண்ணில் வெறுங்காலோடு நிற்பவரின் தோல் வழியே நுழையும் கொக்கிப்புழுவோ குடலில் தங்கி நாள்தோறும் இரத்தத்தை உறிஞ்சும். எனவே, மாத்திரையைக் கையில் கொடுப்பதோடு செவிலியரின் கடமை முடிவதில்லை. தேநீருக்கும் மாத்திரைக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விடச் சொல்வதும், உரிய மாதத்தில் பூச்சி மாத்திரை கொடுப்பதும், அப்படியும் இரத்தம் ஏறாதவர்களுக்கு இரும்பை இரத்தநாளத்தின் வழியே செலுத்துவதும் சேர்ந்தால்தான் சிகிச்சை முழுமை பெறுகிறது. இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே இறங்கினால் கருவுற்ற பெண்ணுக்குச் சோகை என்றும், 7 கிராமுக்குக் கீழே இறங்கினால் கடுஞ்சோகை என்றும் கணக்கிடப்படுகிறது.

முந்திக்கொள்ளும் கரு

இரத்தத்துக்காகத் தேடப்பட்ட ஃபோலிக் அமிலத்துக்கு இரத்தத்தைவிட அவசரமான இன்னொரு வேலை இருப்பது பிற்காலத்தில்தான் தெரியவந்தது. உயிரணு பிரியும்போதெல்லாம் மரபுப்பொருளைப் படியெடுக்க இந்தச் சத்து தேவைப்படுகிறது. வாழ்நாளில் உயிரணுக்கள் மிக விரைவாகப் பிரியும் காலம் கருவின் முதல் வாரங்களே. அந்த வாரங்களில் தட்டையான ஒரு படலம், விரித்த ஓலையின் இரு ஓரங்களும் சுருண்டு ஒன்றையொன்று தொடுவதுபோல் மடிந்து, நரம்புக்குழலாக மூடிக்கொள்கிறது. மேல்முனை மூடாவிட்டால் மண்டையோடும் மூளையின் பெரும்பகுதியும் உருவாகாத குழந்தை பிறக்கும், அது பிழைப்பதில்லை. கீழ்ப்பகுதி மூடாவிட்டால் முதுகுத்தண்டு பிளவுபட்டு, கால்கள் செயலிழப்பதும் சிறுநீர், மலக் கட்டுப்பாடு இல்லாமற்போவதும் தலையில் நீர் கோப்பதுமாக வாழ்நாள் முழுவதும் தொடரும் துன்பம் நேரும்.

இதைத் தடுக்க முடியும் என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது, பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் நடத்தி 1991இல் வெளியிட்ட ஆய்வு. முன்பு இத்தகைய குறையோடு குழந்தை பெற்ற 1,817 பெண்களை 7 நாடுகளில் 33 மையங்களில் சேர்த்து, ஒரு பகுதியினருக்குக் கருவுறும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் கொடுத்துப் பார்த்ததில், அக்குறை மீண்டும் நேர்வது 72 சதவீதம் குறைந்தது. கொடுக்காத பிரிவினருக்கு அநீதி இழைக்கலாகாது என்பதற்காக, திட்டமிட்ட காலத்துக்கு முன்பே ஆய்வு நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே ஹங்கேரியில் நடந்த ஆய்வொன்று, முன்பு இத்தகைய குறையோடு குழந்தை பெற்றிராத பெண்களுக்கும் இந்தப் பாதுகாப்பு கிடைப்பதைக் காட்டியது.

இங்கேதான் நாட்கணக்கு குறுக்கே நிற்கிறது. கரு உருவான 28ஆம் நாள் என்பது, மாதவிலக்கு தள்ளிப்போய் ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும் நாள். பெண்ணே ஐயப்படத் தொடங்கும் நேரம் அது. வீட்டில் சொல்லியிருக்கமாட்டார், செவிலியரிடம் போயிருக்கமாட்டார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவித் திட்டம் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவியைப் பணமாகவும் சத்துணவுப் பெட்டகமாகவும் தந்து, 12 வாரத்துக்குள் பதிவு செய்யத் தூண்டுகிறது. பல பயன்களைத் தந்த நல்ல ஏற்பாடுதான் அது. ஆயினும் 12ஆம் வாரத்தில் பதிவு செய்துகொண்டு மாத்திரையைத் தொடங்கும் பெண்ணின் வயிற்றில், நரம்புக்குழல் மூடியோ மூடாமலோ ஒன்றரை மாதம் கடந்துவிட்டிருக்கும். இத்திட்டத்தில் குறை காண்பதற்காக இதைச் சொல்லவில்லை. கருவுற்ற பிறகு தொடங்கும் எந்தத் திட்டமும், எவ்வளவு நன்றாக நடந்தாலும், இந்த ஒன்றைத் தடுக்க முடியாது என்பதைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

பேற்று வயதில் உள்ள பெண்களுக்கெல்லாம் வாரம் ஒரு மாத்திரை என்பது ‘இரத்தசோகையில்லா இந்தியா’ திட்டத்தின் ஏற்பாடு. அதில் உள்ள ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம். வாரம் ஒருமுறை கொடுக்கும் மாத்திரைக்கு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவோ 2,800 மைக்ரோகிராம். நியாயவிலைக் கடைகளில் வழங்கப்படும் செறிவூட்டப்பட்ட அரிசியிலும் ஃபோலிக் அமிலம் உண்டு. ஆனால் அதன் அளவு கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம்தான். நாளொன்றுக்குக் கால் கிலோ, முந்நூறு கிராம் அரிசி உண்ணும் பெண்ணுக்கு, கருவுறும் காலத்தில் நாள்தோறும் வேண்டிய 400 மைக்ரோகிராமில் பத்தில் ஒரு பங்குகூட அதிலிருந்து கிடைக்காது. ரேஷன் அரிசி சோகையைக் குறைக்கத் துணைபுரியலாம். நரம்புக்குழலைக் காக்க அதை நம்பியிருக்க முடியாது. வாரமாத்திரையின் அளவை உயர்த்துவது பற்றி அரசு ஆராய்வதற்குக் காரணம் போதுமான அளவு இருக்கிறது.

மருந்து அடிக்கும் தோட்டம்

சத்து சேராமை ஒருபுறம் இருக்க, சேரக்கூடாதது சேர்வதும் கருவைப் பாதிக்கிறது. தண்டுதுளைப்பானுக்கும் இலைப்பேனுக்கும் எதிராகப் பருவம் முழுவதும் திரும்பத் திரும்ப மருந்து அடிக்கப்படும் பயிர் ஏலம். இந்தியாவில் பூச்சிக்கொல்லி மிகுதியாகப் பயன்படும் பயிர்களுள் அதுவும் ஒன்று. குளோர்பைரிபாஸ், குயினால்பாஸ் போன்ற கரிமப் பாஸ்பரஸ் நஞ்சுகள் பூச்சியின் நரம்பைத் தாக்கிக் கொல்பவை. மனித நரம்பும் அதே வேதியியலில்தான் இயங்குகிறது. மருந்து அடிப்பவர் பெரும்பாலும் ஆண். ஆனால் நனைந்த இலைகளுக்கிடையே அடுத்த நாட்களில் கைவிட்டுக் காய் எடுப்பவர் பெண்.

நஞ்சுக்கொடி எதையும் உள்ளே விடாத அரண் என்று மருத்துவ உலகம் ஒரு காலத்தில் எண்ணியிருந்தது. வாந்தியை நிறுத்துவதற்காகக் கருவுற்றோர்க்குக் கொடுக்கப்பட்ட தாலிடோமைடு மருந்தால் கைகால் குறைந்த குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்ததும் 1961இல் அந்த எண்ணம் உடைந்தது. பூச்சிக்கொல்லிகளைப் பொறுத்தவரை விரிவான சான்று கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கிலிருந்து கிடைக்கிறது. அங்குள்ள காய்கறி வயல்களில் உழைக்கும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களைச் சேர்ந்த 601 கருவுற்ற பெண்களை 1999–2000இல் சேர்த்துக்கொண்டு, பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பிரெண்டா எஸ்கனாசி குழுவினர் அவர்களுடைய குழந்தைகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்தனர். கருவுற்றிருந்தபோது தாயின் சிறுநீரில் கரிமப் பாஸ்பரஸ் எச்சம் மிக அதிகமாக இருந்தவர்களின் பிள்ளைகள், மிகக் குறைவாக இருந்தவர்களின் பிள்ளைகளைவிட 7 வயதில் அறிதிறன் அளவீட்டில் சராசரியாக 7 புள்ளிகள் பின்தங்கியிருந்ததை 2011இல் வெளியிட்டனர். இத்தகைய ஆய்வு ஒரு தொடர்பைக் காட்டுமேயன்றி, ஒரு குறிப்பிட்ட குழந்தைக்கு நேர்ந்தது இதனால்தான் என்று தீர்ப்புச் சொல்லாது. ஆனால் முன்னெச்சரிக்கைக்குத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்ஃபான் என்ற பூச்சிக்கொல்லி வான்வழியே இருபதாண்டுகளுக்கு மேல் தெளிக்கப்பட்டு, ஊர்களின் துயரம் நாட்டின் செவியை எட்டி, 2011இல் உச்ச நீதிமன்றம் தடை விதிப்பதற்குள் எத்தனை பிள்ளைகள் பாதிப்போடு பிறந்துவிட்டார்கள் என்பதை மலைக்கு இப்புறம் இருப்பவர்களும் மறக்கலாகாது.

சலினாஸில் உழைத்த பெண்களுக்கும் இடுக்கியின் உடும்பன்சோலையில் உழைக்கும் பெண்களுக்கும் வேலையிலும் வறுமையிலும் ஒற்றுமை மிகுதி. தேனி அரசு மருத்துவக் கல்லூரியும் இடுக்கியின் மருத்துவ நிறுவனங்களும் சேர்ந்து, ஏலத்தோட்டப் பெண்களையும் அவர்கள் பெறும் குழந்தைகளையும் பத்தாண்டு, இருபதாண்டு தொடரும் ஓர் ஆய்வை நடத்துவது தகும். அதுவரையில், மருந்து அடித்த தோட்டத்துக்குள் குறித்த நாள் கழியும்வரை எவரையும் அனுப்பாமல் இருப்பதும், கருவுற்றவர் என்று தெரிந்தவருக்கு ஸ்டோரில் தரம்பிரிப்பது போன்ற வேலையைக் கூலி குறைக்காமல் கொடுப்பதும் தோட்டக்காரர்களால் நாளையே செய்யக்கூடியவை.

மூன்று மணி நேரம்

நிறைமாதக் கருப்பையின் வழியே நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் இரத்தம் பாய்ந்துகொண்டிருக்கிறது. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி கழன்றதும், அது ஒட்டியிருந்த இடத்தில் திறந்த குழாய்களாக நிற்கும் இரத்தநாளங்களை அடைப்பது கருப்பையின் தசைதான். குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய அத்தசை நார்கள் இறுகிச் சுருங்கி நாளங்களை நெரித்துவிடுகின்றன. அந்தச் சுருக்கம் நிகழாதபோது பிரசவத்துக்குப் பிந்தைய பெரும் உதிரப்போக்கு உண்டாகிறது. உலகெங்கும் தாய்மாரைப் பலிகொள்ளும் காரணங்களுள் தலையாயது இது. உடல்நலம் உள்ள பெண்ணைக்கூட இரண்டு மணி நேரத்தில் இது கொன்றுவிடக்கூடும். சோகை உள்ளவருக்கு அந்த அவகாசமும் இல்லை. மற்றவர் தாங்கிக்கொள்ளும் இழப்பே அவரை வீழ்த்திவிடும்.

இந்நோயை எதிர்த்த போரில் நெடுங்காலம் முதல் தோல்வி கண்ணில்தான் நேர்ந்தது. போன இரத்தத்தைக் கண்ணால் பார்த்து மதிப்பிடுவதே உலக வழக்கமாக இருந்தது. துணியில் ஊறியதும் தரையில் வழிந்ததும் கணக்கில் வராமல், மதிப்பீடு எப்போதும் குறைவாகவே அமைந்தது. இதற்கு மிக எளிய மாற்று உருவானது கர்நாடகத்தின் பெலகாவியில். அங்குள்ள ஜவாஹர்லால் நேரு மருத்துவக் கல்லூரியும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து, கிராமத் துணைச் செவிலியர்கள் பார்த்த 1,620 பிரசவங்களில், உதிரப்போக்கைத் தடுக்க மிசோபிரோஸ்டால் மாத்திரையைச் சோதித்தனர். இழந்த இரத்தத்தைச் சரியாக அளப்பதற்காக, தாயின் இடுப்புக்குக் கீழே விரித்து, முனை புனல்போல் குவிந்து, மில்லிலிட்டர் கோடுகள் போட்ட பிளாஸ்டிக் விரிப்பொன்றைப் பயன்படுத்தினர். 2006இல் வெளியான அந்த ஆய்வில், அரை லிட்டருக்கு மேல் இரத்தம் போன பெண்களின் விகிதம் 12 சதவீதத்திலிருந்து 6.4 சதவீதமாக இறங்கியது. மாத்திரையை உலகம் கவனித்தது. விரிப்பின் அருமை முழுமையாகத் தெரிய இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

இடையில் வந்தது டிரானெக்சாமிக் அமிலம். உறைந்த இரத்தக்கட்டியை உடல் தானே கரைத்துவிடாமல் தடுக்கும் இந்த மருந்தை, மகப்பேற்றில் இறக்கும் பெண்களைக் காக்க வேண்டும் என்ற வேட்கையோடு 1960களின் தொடக்கத்தில் ஜப்பானில் கண்டறிந்தவர் உதாகோ ஒகாமோட்டோ. தம் நாட்டு மகப்பேறு மருத்துவர்களை ஒரு முறையான சோதனைக்கு இணங்கவைக்க அவரால் இயலவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, 21 நாடுகளில் 20,060 பெண்களிடம் நடந்த ‘உமன்’ ஆய்வின் முடிவு 2017இல் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டில் 98 வயதில் மறைந்திருந்தார். பிரசவித்த 3 மணி நேரத்துக்குள் இம்மருந்தைப் பெற்றவர்களில், உதிரப்போக்கால் நேரும் சாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதன் பிறகு கொடுத்தால் பயனே இல்லை. தாமதமாகும் ஒவ்வொரு கால்மணி நேரத்துக்கும் மருந்தின் பயன் சுமார் பத்து சதவீதம் தேய்கிறது என்பதும் பின்னர்க் கணக்கிடப்பட்டது.

பெலகாவி விரிப்பும் ஜப்பானிய மருந்தும் ஒன்றுசேர்ந்தது 2023இல். பர்மிங்காம் பல்கலைக்கழகப் பேராசிரியர் அரி குமாரசாமி தலைமையில் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளின் 80 மருத்துவமனைகளில், 2 லட்சத்துக்கு மேற்பட்ட பிரசவங்களில் நடந்த ‘இமோட்டிவ்’ ஆய்வு, புதிய மருந்து எதையும் சோதிக்கவில்லை. கோடு போட்ட விரிப்பால் இரத்தத்தை அளப்பது, அளவு மீறியதும் கருப்பையை அழுத்தித் தேய்ப்பது, சுருக்க மருந்தான ஆக்ஸிடோசின், டிரானெக்சாமிக் அமிலம், இரத்தநாள வழி நீர்மம், காரணம் தேடும் பரிசோதனை ஆகியவற்றை, ஒன்று பலிக்கிறதா என்று பார்த்து மற்றொன்றுக்குப் போகாமல், ஒருசேரச் செய்வது என்பதே அது சோதித்த முறை. கடும் உதிரப்போக்கு, அதற்கான அறுவை, சாவு ஆகியவை சேர்ந்த கணக்கு 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாக இறங்கியது. வழக்கமான முறையில் ஏறக்குறைய பாதி உதிரப்போக்குகள் கண்டறியப்படாமலே போயிருக்க, விரிப்பு 93 சதவீதத்தைக் காட்டிக்கொடுத்தது. அளப்பதுதான் சிகிச்சையின் முதல் படி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2025இல் உலகச் சுகாதார நிறுவனம், நாடித்துடிப்போ இரத்த அழுத்தமோ மாறியிருந்தால் 500 மில்லிலிட்டர்வரை காத்திராமல் 300 மில்லிலிட்டரிலேயே சிகிச்சையைத் தொடங்கும்படி வழிகாட்டியது.

இத்தனைக்கும் பிறகு ஒரு கேள்வி மிஞ்சியது: சோகை உள்ள பெண்ணுக்கு இரத்தம் போகும் முன்பே இந்த மருந்தைக் கொடுத்துக் காப்பாற்றிவிடலாமா? பாகிஸ்தான், நைஜீரியா, தான்சானியா, சாம்பியா நாடுகளில் சோகை உள்ள 15,068 பெண்களிடம் அதைச் சோதித்த ‘உமன்–2’ ஆய்வு, முடியாது என்று விடை சொன்னது. அதே பெண்களை ஆராய்ந்தபோது வேறொன்றும் தெரிந்தது. மிதமான சோகை உள்ளவர்களைவிடக் கடுஞ்சோகை உள்ளவர்கள் இறப்பதற்கோ சாவின் விளிம்பைத் தொடுவதற்கோ உள்ள வாய்ப்பு ஏறத்தாழ ஏழு மடங்கு. பிரசவ அறையில் கொடுக்கும் மருந்தால், பிரசவத்துக்கு முந்தைய மாதங்களில் உண்டாக்காத இரத்தத்தை ஈடுசெய்ய முடியாது. தொண்ணூறாண்டுக்கு முன் லூசி வில்ஸ் தொடங்கிய தேடலும் பின்னர் ஒகாமோட்டோ தொடங்கிய தேடலும் வந்து சந்தித்த இடம் இது.

தமிழ்நாட்டுக்கு உரிய இன்னொரு ஆபத்தையும் குறிப்பிட வேண்டும். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி இம்மாநிலத்தில் 44.9 சதவீதக் குழந்தைகள் அறுவை மூலம் பிறக்கின்றன. பழைய அறுவைத் தழும்பின்மேல் அடுத்த நஞ்சுக்கொடி பதிந்து தசைக்குள் வேரோடிவிட்டால், அதைப் பிரிக்கும்போது பாயும் உதிரத்தைச் சிறிய மருத்துவமனை சமாளிக்காது. அத்தகைய பெண்ணின் பிரசவம் எங்கே நடக்க வேண்டும் என்பது மாதங்களுக்கு முன்பே ஸ்கேன் பார்த்து முடிவாக வேண்டும்.

மலைச்சாலையும் மாநில எல்லையும்

போடியில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிக்கல் என்றால் தேனி நகரைக் கடந்து, க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிலமலையிலிருந்து அது எட்டாத தொலைவு அல்ல. ஆனால், தோட்டத்திலேயே தங்கி வேலை செய்யும் பெண்ணுக்கு மலையிறங்கும் நேரம் தனி. குரங்கணிக்கு மேலே முதுவாக்குடி, சென்ட்ரல் போன்ற குடியிருப்புகளிலிருந்து வருபவருக்கு ஊர்தி நிற்கும் இடத்தை அடையும் நேரமே தனி. 108 ஊர்தி மாநிலம் முழுவதும் 2008இல் வருவதற்கு முன்பே, சேவா நிலையம் என்ற தொண்டு நிறுவனத்தின் துணையோடு அவசர ஊர்தித் திட்டம் நடத்திப் பார்க்கப்பட்ட மாவட்டம் தேனி என்பதை நினைவுகொண்டால், இந்த மண்ணில் புதியதைச் செய்து பார்க்கும் மரபு இல்லாமலில்லை என்று தெரியும். வழியில் இரத்தம் போகும் தாயின் கால்களையும் வயிற்றையும் இறுகக் கட்டி, எஞ்சிய இரத்தத்தை இதயத்துக்கும் மூளைக்கும் திருப்பும் அதிர்ச்சி தடுக்கும் உடை போன்ற கருவிகள் மலைச்சாலைக்கென்றே உருவானவைபோல் இருக்கின்றன. ஆக்ஸிடோசின் ஊசியை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைத்தாக வேண்டும் என்பதால், மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் இடத்தில் அதன் வீரியம் குறைந்துவிடும். வெப்பம் தாங்கும் கார்பெட்டோசின் அதற்கு இணையாகவே வேலை செய்வதை, இந்தியாவையும் உள்ளடக்கி 10 நாடுகளில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு நிறுவியிருக்கிறது.

எல்லைதான் இன்னும் கடக்கப்படாதது. பெண் வாழ்வது ஒரு மாநிலம், உழைப்பது மற்றொரு மாநிலம். அவருடைய மகப்பேற்றுப் பதிவு எண் தமிழ்நாட்டின் கணினியில் இருக்கிறது. அவருக்குத் தலைசுற்றல் வருவது கேரளத்தின் தோட்டத்தில். தாய்மார் இறப்பு ஒவ்வொன்றையும் பெயரை மறைத்து ஆராய்ந்து பாடம் கற்கும் முறையை இருபதாண்டுகளாக நடத்திவருபவர்கள் கேரளத்தின் மகப்பேறு மருத்துவர்கள். இரத்தம் பாயும்போது கருப்பைத் தமனியைப் பிறப்புறுப்பின் வழியாகவே கவ்விப் பிடிக்கும் கிடுக்கியை வடிவமைத்த திருச்சூர் மருத்துவர் வி. பி. பைலி அவர்களுள் ஒருவர். தமிழ்நாட்டிலோ ஊர்தோறும் செவிலியரும் கருவுற்ற ஒவ்வொருவரின் பதிவும் இருக்கின்றன. இந்த இரண்டு வலிமைகளும் போடிமெட்டுச் சோதனைச்சாவடியில் சந்திக்க வேண்டும். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் பெரிய தோட்டங்களை நோக்கியே இயற்றப்பட்டது. சிறு தோட்டங்களில் நாள்கூலிக்குப் போகும் பெண்களுக்கு மருத்துவ வசதியும் பேறுகால விடுப்பும் எட்டாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே இரு அரசுகளிடமும் வேண்டுவது இது. இரத்தம் பார்ப்பதும் மாத்திரை கொடுப்பதும், பெண்கள் வீட்டில் இல்லாத பகல்பொழுதில் நடக்காமல், ஜீப்புகள் கிளம்பும் விடியற்காலையில் அவை நிற்கும் இடத்திலேயே நடக்கட்டும். பிரசவம் பார்க்கும் நிலையம் ஒவ்வொன்றிலும் கோடு போட்ட விரிப்பும் டிரானெக்சாமிக் அமிலமும் கையெட்டும் தொலைவில் இருக்கட்டும். குழந்தை வேண்டும் என்று எண்ணும் தம்பதியரிடம் வேண்டுவது இது: நாள் தள்ளிப்போகட்டும் என்று காத்திராமல், எண்ணம் தோன்றிய மாதமே அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்குச் சென்று ஃபோலிக் அமில மாத்திரை கேளுங்கள், முன்பு முதுகுத்தண்டுக் குறையோடு குழந்தை பிறந்திருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அப்படியானால் உங்களுக்குத் தேவைப்படும் அளவு மற்றவர்களுக்கு உரியதைவிடப் பத்து மடங்கு.